குட்டி மீனா, கணவன் மீனா?

ஆழ்கடல் தூண்டில் மீனின் தலையிலேயே தூண்டில் இருக்கும். 1922-ல் ஐஸ்லாந்து விஞ்ஞானி சேமுண்ட்சன், பெரிய தூண்டில் மீன் ஒன்றில் ஒட்டியிருந்த சின்ன மீன்களை அதன் குட்டிகள் என்று நினைத்தார். 1925-ல் லண்டனில் டேட் ரீகன் அறுத்துப் பார்த்தார். குட்டியே இல்லை, ஆண் மீன்! தனியாகத் திரிந்த ஆண்களை வேறு குடும்பமாகவே பிரித்து வைத்திருந்தார்கள். உருவத்தை மட்டும் பார்த்து வகை பிரிச்சா இப்படித்தான் ஆகும்.

நம்ம காசிமேட்டில் விலை போகாத மீன்களை "கழிசல்" என்று மொத்தமாகக் குவித்து கோழித் தீவனத்துக்கு அனுப்புறாங்க. அதில் எத்தனை வகையோ! மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றின் பேரும் தெரியும்; பரீட்சையில்தான் யாரும் கேட்பதில்லை. அவற்றைப் பாட்டிலில் போட்டு, நம்ம ஊர்ப் பேரையும் அறிவியல் பேரையும் எழுதி ஆய்வகத்தில் வைக்கலாமே! ஆசிரியர்களே, மனசு வைப்பீர்களா?