ஓட்டமும் நிறுத்தமும்

மோட்டார்ப் பந்தயம் என்றாலே அது செல்வர்தம் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் யாது தொடர்பு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் சயன்–டிராம்பே சாலையில் ஓட்டிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் பளபளக்கிறதே ஒரு வட்டத் தகடு, அதன் ஆற்றலை உலகறியச் செய்தது ஒரு பந்தயமேயாகும்.

பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923-இல் தொடங்கிய அப்பந்தயம் 24 மணி நேரம் இரவு பகலாக நடைபெறுவது. அந்நேரத்துக்குள் மிகுந்த தூரம் ஓடிய வண்டிக்கே வெற்றி. ஆகவே வேகம் மட்டும் போதாது. வண்டி பழுதின்றித் தாங்கவும் வேண்டும். இங்கிலாந்தின் பென்ட்லி வண்டிகள் 1924-இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு முறையும் அங்கு வாகை சூடின. உலகப் போருக்குப் பின் அப்புகழ் ஜாகுவார் கம்பெனிக்கு வாய்த்தது. 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அதன் வண்டிகள் வென்றன.

இவற்றுள் 1953-ஆம் ஆண்டு வெற்றி நாம் கருதத்தக்கது. அந்நாள் வண்டிகளில் இருந்தவை டிரம் பிரேக்குகள். மீண்டும் மீண்டும் அழுத்தினால் மூடிய டிரம்மினுள் சூடு ஏறும், இரும்பு விரியும், பிடிப்புத் தளரும். டன்லப் கம்பெனியாருடன் சேர்ந்து ஜாகுவார் பொருத்திய டிஸ்க் பிரேக்கிலோ தகடு வெளியே திறந்திருப்பதால் காற்றுப்பட்டு விரைவில் ஆறும். பிறர் முன்னதாகவே வேகங் குறைக்க நேர்ந்த வளைவுகளில், ஜாகுவார் ஓட்டிகள் சற்றுப் பொறுத்துப் பிரேக் பிடித்து முந்தினர். மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகம் லெ மானில் அவ்வாண்டே முதன்முதலாக எய்தப்பெற்றது.

இரண்டே ஆண்டுகளில் பெருந்துயர் ஒன்று நிகழ்ந்தது. 1955 ஜூன் 11 அன்று, ஜாகுவார் வண்டியொன்று பெட்ரோல் நிரப்பும் இடத்திற்குத் திரும்பும்பொருட்டு விரைந்து வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி மோதாதிருக்க விலகிற்று. அதன் பின்னே பெருவேகத்தில் வந்த மெர்சிடஸ் அதன்மேல் ஏறித் தெறித்துச் சிதறியது. அதன் ஓட்டுநரும், வேடிக்கை காண வந்த 80-க்கு மேற்பட்ட மக்களும் மாண்டனர். விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை; அவ்வேகத்துக்கு ஈடு கொடுக்க இயலாத பழைய பாதையின் அமைப்பே குறை கூறப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு அயலாருடையதன்று. 1956-இல் டிராம்பே அனல் மின்நிலையத்தை இயக்கத் தொடங்கிய டாடா குழுமத்தைச் சேர்ந்த டாடா மோட்டார்ஸ், 2008-இல் ஜாகுவார் கம்பெனியை விலைக்கு வாங்கியது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012-இல் லெ மானில் ஓடி, தம் குழுவினருடன் ஆறாம் இடம் பெற்றார். அப்பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே.

இனி, நம் இளைஞர்க்கு ஒரு சொல். உங்கள் வண்டியின் பிரேக் உங்களை நிறுத்தும். பின்னால் வரும் டாங்கர் லாரியை நிறுத்தாது. மாகுல் எண்ணெய் ஆலைகளிலிருந்து நிறைபாரத்துடன் வரும் லாரி, பிரேக் பிடித்தபின் நெடுந்தொலைவு ஓடியே நிற்கும். ஆதலால் அதன் முன்னே திடீரெனப் புகுந்து பிரேக் பிடித்தல் ஆகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு வினாடியில் 33 மீட்டர் கடந்துவிடும். முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே அவ்வளவு இடைவெளியேனும் இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் அதனினும் இருமடங்கு வேண்டும். வேலை முடிந்து வரும் பிள்ளைக்காகச் சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கும் தாய், அவன் எத்தனை பேரை முந்தினான் என்று கேட்பதில்லை.