செத்த மரத்தை விட்டுவையுங்கள்

லண்டனின் ரிச்மண்ட் பூங்கா, மான்கொம்பு வண்டுக்காகவே பாதுகாக்கப்படும் வாழிடம். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வண்டை விற்பதும் குற்றம். சரி, நல்லது. ஆனா பக்கத்துத் தெருவில், தோட்டத்து ஓக் மரத்தின் அடிக்கட்டையை மெஷின் வைத்து அரைத்தெடுத்தால்? "சுத்தமாயிடுச்சு" என்பார்கள். மண்ணுக்கடியில் மட்கும் அந்தக் கட்டையைத் தின்றுதான் வண்டின் புழு 3 முதல் 7 ஆண்டுகள் வளருது. கொம்போடு பறப்பது கோடையில் சில வாரங்கள் மட்டுமே. அந்தச் சில வாரங்களைப் படமெடுத்து லைக் போடுகிறோம். ஆண்டுக்கணக்கான இருட்டு வாழ்க்கையை அரைத்துத் தள்ளுகிறோம். நான் புரோகிராமர். டெட் கோடைக் கண்டால் கை தானா டெலீட் பட்டனுக்குப் போகும். செத்த மரம் டெட் கோடு இல்லைங்க. அதுக்குள்ள இன்னொரு உயிர் ஓடிக்கிட்டிருக்கு. பூங்காவை அரசு பார்த்துக்கட்டும். உங்க தோட்டத்து அடிக்கட்டையைத் தொடாதீங்க.