மணி பெருகும், விதை யாருடையது?

2025 மே மாதத்தில் இந்திய அரசு 'கமலா' என்னும் நெல்லை அறிவித்தது. சம்பா மசூரியின் மரபணு ஒன்றைத் திருத்தி ஐதராபாத் விஞ்ஞானிகள் ஆக்கிய பயிர் அது. கதிரில் மணி பெருகத் தூண்டுவது சைற்றோகைனின் என்னும் பொருள். அதைச் சிதைக்கும் நொதிக்குரிய மரபணுவை அவர்கள் திருத்தினர்; மணிகள் மிகுந்தன. விளைச்சல் சராசரி 19 வீதம் கூடும் என்கின்றனர். இச்சாதனையைப் பழிப்பவர் உழவரின் நண்பரல்லர்.

எனினும், வாகரை வட்டைகளில் வானம் பார்த்து விதைக்கும் உழவனின் பக்கத்தில் நின்று நாம் இரண்டு வினாக்களைக் கேட்டே ஆகவேண்டும்.

மணி பெருகினால் வறுமை தீருமா? பெருகிய மணிகள் முற்ற, மண்ணிலே சத்தும் வயலிலே நீரும் வேண்டும். 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஓர் ஆணையால் தடுத்தது. உழவர் கையில் இருந்தவை முன்னைய உயர்விளைச்சல் விதைகளே. ஆயினும் விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடை நீங்கியும் பெரும்போகம் தப்பவில்லை. விளைந்தாலும் என்ன? கடனுக்கு அஞ்சிக் களத்திலேயே நெல்லை விற்பவனுக்கு, மிகுந்த மணியின் பயன் வியாபாரியின் களஞ்சியத்துக்கே போகிறது.

இரண்டாவது வினா: விதை யாருடையது? 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் எச் 4 என்னும் நெல்லை அளித்தது. அதன் பெற்றோருள் ஒன்று முருங்கக்காயன் என்னும் இந்நாட்டுப் பழைய நெல்; தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தவர் உழவர். பொதுப்பணத்தில் பிறந்த அவ்விதையைக் களத்திலிருந்து எடுத்து வைக்கவும் அயலவனுக்குக் கொடுக்கவும் எவருக்கும் கப்பம் கட்டவேண்டியிருக்கவில்லை. இன்றோ, மரபணுவைத் திருத்தும் கருவியின் காப்புரிமைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கம்பனிகளும் வைத்திருக்கின்றன. பல நூறாண்டு உழைப்பில் உருவான நெல்லில் ஓர் எழுத்தைத் திருத்தியவன் நூல் முழுவதற்கும் உரிமை கொண்டாடுவது எந்த நீதி?

பழைய நெல்லே போதுமென்று நகர மண்டபங்களிற் பேசும் கனவான்களோடும் நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் உழவனின் ஏழ்மைக்குப் பண்பாடென்று பெயர் சூட்டுகின்றனர்.

புதிய விதை வரட்டும். பொது நிறுவனங்களின் வழியே வரட்டும். அதனைச் சேமிக்கும் உரிமையும், குளத்து நீரும், நெல்லுக்கு நியாய விலையும் கூடவே வரட்டும். ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் மரபணுவைப் படிக்கும் நாளில், அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்துவைக்கும் வாகரை உழவனின் உரிமையையும் பேசுங்கள்.