எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

"தாகம் என்று வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்போமா?" வைஃபை கடவுச்சொல்லை எதிர்வீட்டுப் பையன்களுக்கு ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்டபோது என் தந்தையார் தந்த விடை இது. அந்தக் கடவுச்சொல் அவருடைய செல்போன் எண்தான். இணைப்புக் கொடுக்க வந்தவர் அப்படி வைத்துவிட்டுப் போனார்.

தந்தையாரின் தாராளத்தை நான் குறை கூறேன். அப்பையன்கள் எங்கள் திண்ணையில் அமர்ந்துதான் தேர்வுக்குப் படிக்கின்றனர். குறை வேறிடத்தில் இருக்கிறது.

நண்பர்களே, ரவுட்டருக்குச் சாவி இரண்டு. வைஃபை கடவுச்சொல் வாசற்கதவின் சாவி. மற்றொன்று பீரோச் சாவி. பல ரவுட்டர்களில் 192.168.1.1 என்று பிரவுசரில் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'! வாசலுக்குள் வந்த எவரும் பீரோவைத் திறக்கலாம் அன்றோ? முகவரி தேடித் தரும் டி.என்.எஸ். எண்ணை ஒருவன் அங்கே மாற்றிவிட்டால், வங்கியின் முகவரியைத் தட்டும்போது போலிப் பக்கம் வந்து நிற்கலாம். எச்சரிக்கை தோன்றத்தான் செய்யும், ஆங்கிலத்தில் தோன்றும். நான் கல்லூரியில் இருக்கும் நேரத்தில் அதை வீட்டில் யார் படிப்பது?

இதெல்லாம் படியாதோரின் அறியாமை என்பாருளர். நான் மறுக்கிறேன். படித்தோர் செய்த பிழையைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் டபிள்யூ.பி.எஸ். என்றொரு வசதி உண்டு. கடவுச்சொல்லுக்குப் பதில் எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தாலே உள்ளே நுழையலாம். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு; ஆகவே ஒரு கோடி. அதுவும் போதும்தான். ஆனால் முதல் நான்கு இலக்கம் சரியா, தவறா என்பதை ரவுட்டரே தனியாகச் சொல்லிவிடுகிறது! முதற்பாதிக்கு 10,000, எஞ்சிய மூன்று இலக்கத்துக்கு 1,000. ஆக 11,000 முயற்சிகளே. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்துவிட்டது. முயற்சிக்கு 2 விநாடி என்றாலும் ஆறேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் இதை வெளிப்படுத்தினார். இப்பிழை என் தந்தையார் செய்ததா?

2016இல் 'மிராய்' என்னும் நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டுமே கொண்டு லட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. அதைப் படைத்தோருள் ஒருவர் கல்லூரி மாணவர் என்பது நமக்கு வெட்கம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பது சட்டவிரோதம். பூட்டுக் கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே சாவியைக் கொடுத்தால் வாங்கியவரையா ஏசுவோம்? விற்பவரோடு நிறுத்தாமல், வீட்டில் மாட்டித் தருபவரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பேன். இரண்டு சாவியையும் மாற்றி, அதைத் தமிழில் விளக்கிய பிறகே அவர் பணம் வாங்கட்டும்.

சென்ற மாதம் ஒரு மாலையில் எங்கள் வீட்டு அட்மின் சொல்லையும் வைஃபை சொல்லையும் மாற்றினேன். டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்தேன். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். பையன்களுக்கு 'கெஸ்ட்' இணைப்பைத் தனியே திறந்துவிட்டேன். "தண்ணீர் உண்டல்லவா?" என்றார் தந்தையார். "வாசலில் குழாய் வைத்தாயிற்று அப்பா" என்றேன். அரை மணி நேர வேலைதான். தெருவில் இன்னும் நான்கு வீடுகள் பாக்கி.