மழைக்கும் வெயிலுக்கும் ஒரே டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

2009 ஏப்ரலில் சிப்பாங்கில் நடந்த எஃப்1 பந்தயத்தில், மழை வருமுன்பே ராய்க்கோனனின் காருக்கு மழை டயரைப் பூட்டியது ஃபெராரி அணி. காய்ந்த தடத்தில் அந்த டயர் வீணாய்த் தேய்ந்தது. பிறகு கொட்டிய மழையில் பந்தயமே பாதியில் நின்றது. பாதிப் புள்ளிகள்தான் வழங்கப்பட்டன.

பந்தய அணிகள் நினைத்தபோது டயரை மாற்றலாம். நமக்கோ, காலை வெயிலுக்கும் மாலை மழைக்கும் ஒரே டயர்தான்.

காய்ந்த சாலையில் ரப்பர் எவ்வளவு அதிகமாகத் தரையைத் தொடுகிறதோ, அவ்வளவு பிடிப்பு. அதனால்தான் ‘செமி-ஸ்லிக்’ டயர்களில் பள்ளங்கள் குறைவு. ஆனால் ஈரச் சாலையில் நீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்களே. நீர் வெளியேறாவிட்டால் டயர் அதன்மீது மிதக்கும்; பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயன்படாது.

முதல் கார் வாங்கும் இளைஞர்கள் பலர் ஸ்போர்ட் ரிம்முக்குச் செலவழித்துவிட்டு, டயரில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அது ஆபத்தான சிக்கனம்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய லேபிள் இருந்தால், ஈரப்பிடிப்புக்கு ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் உள்ளதா? பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் தயாரிப்புத் தேதி என்ன? ‘2424’ என்றால் 2024-இன் 24-ஆவது வாரம். ‘டிரெட்வேர்’ எண் 200 அல்லது அதற்கும் குறைவா? அப்படியானால் டயர் சீக்கிரம் தேயும்.

பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மழைப்பிடிப்போ அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.