மாதிரி ரயிலும் தங்கவயலின் உரைகல்லும்

மாதிரி ரயில் வாங்குவோர் தயாரிப்பாளரின் புகழை விசாரிக்கின்றனர். அளவை விசாரிப்பவர் குறைவு. கோலார் தங்கவயலின் பாதைகளை மாதிரியாக்க முனைவோருக்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும்.

பங்காருப்பேட்டையிலிருந்து உரிகம் வழியாக மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அது அகலப்பாதை; தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. அதே பங்காருப்பேட்டையிலிருந்து மாவட்டத் தலைநகரான கோலாருக்குப் பின்னர் இடப்பட்டதோ 762 மி.மீ. குறுகிய பாதை. தங்கத்துக்கு அகலம், மக்களுக்குக் குறுக்கம் என்ற அன்றைய முன்னுரிமை அவ்விரு எண்களிலேயே பதிவாகியுள்ளது.

உலகில் பரவலாக விற்பனையாகும் ஹெச்.ஓ. அளவில் (1:87) இவை முறையே 19.3, 8.8 மி.மீ. ஆகும். ஆனால் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; அது 1435 மி.மீ. பாதைக்கு உரியது. அதன்மேல் ஓடும் ‘இந்திய ரயில்’ மேலே சரியாகவும் கீழே ஒடுங்கியும் நிற்கும். குறுகிய பாதைக்குச் சந்தையிலுள்ள 9 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்தும்.

இவ்வாறான சமரசம் தவிர்க்க இயலாதது. அதை வாங்குபவரிடம் மறைப்பதே நேர்மையின்மை. விகிதம், இடைவெளி, சக்கரத் தரம், மின்முறை ஆகியவற்றை எழுத்தில் தருபவரே நம்பத்தக்க தயாரிப்பாளர். ஜெர்மனியின் மார்க்லின் 1859 முதல் புகழ்பெற்ற நிறுவனம். எனினும் நடுவில் மின்முனை கொண்ட அதன் தண்டவாளத்துக்கான ஹெச்.ஓ. எஞ்சின், பிறரது இருதண்டவாள அமைப்பில் அப்படியே ஓடாது. அவ்விவரத்தைக் கேளாமலே சொல்லி, உதிரிப்பாகமும் தருபவர் நல்ல விற்பனையாளர்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கோலார்ப் பாதையும் அகலப்பாதையாகிவிட்டது. அப்பழைய வேறுபாட்டைக் கண்ணால் காண மாதிரிகளே எஞ்சும் நிலையில், மில்லிமீட்டரில் நேர்மை கேட்பது வரலாற்றுக்குச் செய்யும் கடமை.