தெற்கு நோக்கிய காந்தமும் தென்குமரியும்

2024-ம் வருஷம் மே மாதம் 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கிய காந்தப் புயல், 2003-க்குப் பின் வந்தவற்றுள் மிகக் கடுமையானது. லடாக்கிலுள்ள ஹான்லே வானில் அன்று செவ்வொளி தோன்றியது. குமரிமுனை வானில் அத்தகைய ஒளி ஏதும் எழவில்லை. ஆகவே இது வடபுலத்தாரின் விஷயம், நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி தவறான எண்ணத்தில் பிறந்தது என்பது நம் அபிப்பிராயம்.

சூரியனிலிருந்து வருவன ஒளியும் வெப்பமும் மட்டுமல்ல. மின்னூட்டம் பெற்ற துகள்களும் வினாடிக்குச் சாதாரணமாக 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசுகின்றன. இதுவே சூரியக் காற்று. 1958-ல் யூஜீன் பார்க்கர் என்ற அமெரிக்க நிபுணர் இதைக் கணக்கிட்டு எழுதினார். பரிசீலித்த இருவரும் அக்கட்டுரை பிரசுரத்திற்குத் தகாது என்றனர். பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கொள்கையில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை காணப்படாமையால் அதை வெளியிட்டார். 1962-ல் மாரினர் 2 விண்கலம் பார்க்கர் சொன்னது மெய்யே என்று காட்டிற்று.

இக்காற்று சூரியனின் காந்தத்தையும் தன்னோடு இழுத்து வருகிறது. பூமியருகே அதன் பலம் அற்பம். நாகர்கோவிலில் திசைகாட்டியின் ஊசியைப் பிடித்து நிறுத்தும் காந்தத்தில் சுமார் எண்ணாயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் இங்கு பலத்தைக் காட்டிலும் திசையே பிரதானம். சூரியனை நோக்கிய பக்கத்தில் சுமார் 60,000 கிலோமீட்டர் தூரத்தில் பூமியின் காந்தம் ஒரு கோட்டை மதில்போல் நின்று காற்றை விலக்குகிறது. அம்மதிலில் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கி ஓடுகின்றன. வரும் காந்தமும் வடக்கு நோக்கியிருப்பின் கதவு பெரும்பாலும் அடைத்தே கிடக்கும். தெற்கு நோக்கியிருப்பின், எதிரெதிரான கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று பிணைகின்றன; கதவு திறக்கிறது. 1961-ல் ஜேம்ஸ் டஞ்சி என்ற ஆங்கிலேய நிபுணர் விளக்கியது இதுவே. 2024 மே மாதத்தில் வந்த காந்தம் வழக்கத்தைப்போல் சுமார் பத்து மடங்கு பலமுள்ளதாயும், நெடுநேரம் தெற்கு நோக்கியதாயும் இருந்தது.

இனி நம் பிரதேசத்திற்கு வருவோம். பூமியின் காந்த நடுக்கோடு தென்குமரியை ஒட்டிச் செல்கிறது. இங்கே காந்த ஊசி ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். அக்கோட்டின்மேல், 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் கிழக்கு நோக்கி ஓடுகிறது. 1963 நவம்பர் 21-ல் நம் தேசத்தின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்படுவதற்குத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இதுவே முக்கிய காரணம்.

அதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே இங்கு வேலை தொடங்கியாயிற்று. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததை வாசகர்கள் அறிவார்கள். அந்தச் சமஸ்தானத்தின் வானாராய்ச்சிக் கூடத்தில் 1852-ல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரௌன், 1855-ல் அகத்தியமலை உச்சியிலேயே காந்தத்தை அளக்க ஒரு நிலையம் கட்டினார். காந்தக் கலக்கங்கள் சூரியனின் குறிப்பிட்ட பகுதிகளிலிருந்து எழுகின்றன, சூரியன் சுழலும் கணக்கில் அவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று அவர் கண்டார். சூரியக் காற்று என்ற பெயரே அப்பொழுது பிறக்கவில்லை.

நிற்க. கதவு திறந்த சில நிமிஷங்களில் அதன் மின்விசை நம் நடுக்கோட்டு ஆகாயத்தை எட்டிவிடுகிறது. பகலிலும் முன்னிரவிலும் அது மின்துகள் அடுக்கை மேலே தூக்கும். பின்னிரவிலோ கீழே அமுக்கும். தூக்கப்பட்ட அடுக்கில் குமிழிகள் எழுந்தால் துணைக்கோள்களின் சைகைகள் நடுங்குகின்றன, சில சமயம் அறுபடுகின்றன. ஆகவே ஒரே புயல் நமக்கு என்ன செய்யும் என்பது, அது எந்த மணிக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. 2024-ல் புயலின் பேரடி 11-ந் தேதி அதிகாலையில் விழுந்தது. அப்பொழுது மின்துகள் அடுக்கு முழுதாக வளர்ந்திராமையால் இந்தியாவுக்குப் பாதிப்பு குறைந்தது என்று இஸ்ரோவே அறிவித்தது. கடிகாரம் நம்மைக் காத்தது. மாலை ஆறு மணிக்கு அதே அடி விழுந்திருந்தால் கதை வேறாயிருக்கலாம்.

உலகெங்கும் பத்திரிகைகள் புயலின் கடுமையைக் கூறப் பயன்படுத்துவது 'கேபி' என்னும் எண். அது 13 நிலையங்களின் அளவிலிருந்து கணிக்கப்படுவது. அவை யாவும் பூகாந்த அட்சரேகை 44 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட இடங்களில் உள்ளவை. ஒன்றேனும் இந்தியாவில் இல்லை. அவ்வெண்ணை நாம் பழிக்கவில்லை. அவர்கள் நாட்டுக்கு அது பொருந்தும். குளச்சலின் ஆகாயத்தை அது அளக்கவில்லை என்பதே நாம் கூறுவது.

நமக்கென்று அளவு செய்யக் கருவிகள் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்ட ஆதித்யா எல்1, 2024 ஜனவரி 6-ல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையை அடைந்தது. ஐந்து நாட்களில் அதன் 6 மீட்டர் நீளக் கரம் நீண்டு, அதில் பொருத்திய காந்தமானிகள் வரும் காந்தத்தின் திசையை அளக்கத் தயாராயின. திட்டத்தை நடத்திய நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். அவ்வூரும் 1956 வரை திருவிதாங்கூர்தான். இஸ்ரோவுக்குத் தலைமை வகித்த சிவனும், 2025 ஜனவரியில் அப்பதவியை ஏற்ற நாராயணனும் குமரி ஜில்லாவினர். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் பூகாந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் நடைபெறுகிறது. பெருமைக்குக் குறைவில்லை, வேண்டியது ஏற்பாடு.

சூரியனைப் படம் பிடித்துப் புயல் கிளம்பியதை இரண்டொரு நாள் முன்னதாகச் சொல்லிவிடலாம். காந்தம் தெற்கு நோக்குமா என்பதை நிச்சயமாகக் கூற, அது ஆதித்யா நிற்கும் இடத்தை எட்ட வேண்டும். அங்கிருந்து சாதாரணக் காற்று பூமியை அடைய ஒரு மணி நேரம். கடும் புயலுக்கு அரை மணியே. அந்த அரை மணியில் செய்தி யாரை அடைகிறது?

2017 நவம்பர் 30-ல் ஓகிப் புயல் அடித்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பகுதி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. காந்தப் புயலை ஓகியோடு ஒப்பிட்டு மிரட்ட நாம் விரும்பவில்லை. அது படகைக் கவிழ்க்காது. ஆனால் அந்தத் துயரத்திற்குப் பின் படகுகளுக்குத் தரப்பட்ட கருவிகள் துணைக்கோள் வழியாகவே பேசுகின்றன. காந்தம் கலக்குவது அந்த வழியைத்தான். அன்றே சூறாவளியும் இருந்துவிட்டால்?

ஆதித்யாவின் காந்த அளவு வந்தவுடன் கிருஷ்ணாபுரத்தின் அளவோடு சேர்த்து, நடுக்கோட்டு ஆகாயத்திற்கென்று தனி முன்னறிவிப்பு தயாராக வேண்டும். அது ஆங்கில அறிக்கையாகச் சில நாள் கழித்து அல்ல, தமிழில், அந்த அரை மணிக்குள், மீன்பிடித் துறைமுகங்களுக்கும் மின்வாரியத்திற்கும் விமான நிலையங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். காற்றையும் அலையையும் பற்றி மீனவருக்குத் தினமும் அறிவிப்பு செல்கிறது. அதில் மூன்றாவதாக ஒரு வரி சேர்ப்பதற்கு மத்திய சர்க்கார் புதிய ராக்கெட் எதையும் ஏவ வேண்டியதில்லை.